வெள்ளைப்படுதலா, பனிக்குட நீரா? கர்ப்பிணிகளே, கவனியுங்கள்!

"உடம்புச் சூடு!"

தஞ்சாவூர்ப் பக்கம் இந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்காத வியாதியே கிடையாது. கண் எரிந்தால் சூடு. நீர்க்கடுப்பு வந்தால் சூடு. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி "வெள்ளை படுது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னால் அதுவும் சூடு! "வெந்தயத்தை மோர்ல ஊறப்போட்டுக் குடி, சரியாப் போயிடும்" என்று அப்பாயியோ அம்மாச்சியோ சொல்லிவிடுவார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு அது உண்மையிலேயே அதோடு முடிந்துவிடுகிறது. மோர் குடித்ததால் அல்ல, அவர்களுக்கு வியாதியே இல்லை என்பதால்! மீதி இரண்டு மூன்று பேருடைய கதிதான் இந்தக் கட்டுரை.

கர்ப்ப காலத்தில் கீழே படுவதெல்லாம் ஒன்றல்ல. ஒன்றுக்கு மருந்தே தேவையில்லை. இன்னொன்றுக்கு ஒரு வாரம் மருந்து போதும். வேறொன்று வந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் வைத்திருக்கும் பெயர் ஒன்றே ஒன்றுதான்: 'வெள்ளை'. பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எது இயல்பு?

கர்ப்பம் தரித்ததும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. பிறப்புறுப்புப் பகுதிக்கு ரத்த ஓட்டமும் கூடுகிறது. இதனால் கருப்பை வாயும் பிறப்புறுப்பின் உள்சுவரும் வழக்கத்தைவிட அதிகமாகக் கசிகின்றன. மாதம் ஏற ஏற இந்தக் கசிவும் கூடும்.

இது வெள்ளையாகவோ, கஞ்சித்தண்ணீர் மாதிரி லேசான பால் நிறத்திலோ இருக்கும். நாற்றம் இருக்காது. அரிப்பு, எரிச்சல் எதுவும் இருக்காது. உள்ளாடையில் பட்டுக் காய்ந்தால் லேசான மஞ்சள் கறை தெரியலாம். பயப்பட வேண்டாம்.

உண்மையில் இது உடம்பு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் காவல். பாலைத் தயிராக உறைய வைக்கும் கிருமியின் இனத்தைச் சேர்ந்த நல்ல கிருமிகள் பெண்களின் பிறப்புறுப்பிலும் இயல்பாகவே குடியிருக்கின்றன. 'லாக்டோபாசில்லஸ்' என்று பெயர். அவை புளிப்புத் தன்மையை உண்டாக்கி, கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் செய்கின்றன. கசிகிற இந்த நீர், அந்தப் பகுதியைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் பாசி பிடிக்காது அல்லவா? அது மாதிரிதான்.

ஆகவே வெள்ளை படுகிறது என்பதற்காக மட்டும் எந்தக் கர்ப்பிணிக்கும் மருந்து வேண்டாம். கவனிக்க வேண்டியது நான்கு விஷயங்களை: நிறம், நாற்றம், கெட்டியா தண்ணீரா என்ற தன்மை, கூடவே வரும் தொந்தரவு. இந்த நான்கில் எது மாறினாலும் விழித்துக்கொள்ள வேண்டும்.

அரிப்பு தாங்க முடியவில்லையா?

தயிர்த் திப்பி மாதிரி கட்டிகட்டியாக, கெட்டியாகப் படுகிறது. நாற்றம் அதிகம் இல்லை. ஆனால் அரிப்பு உயிரை எடுக்கிறது. சிறுநீர் கழிக்கும்போது மேல்தோல் எரிகிறது. ராத்திரித் தூக்கம் போச்சு!

இப்படியானால் பெரும்பாலும் அது 'கேண்டிடா' என்ற பூஞ்சைக் காளான் தொற்று. கர்ப்ப காலத்தில் இது மிகச் சாதாரணம். ஹார்மோன் மாற்றத்தால் அந்தப் பகுதியில் சர்க்கரைச் சத்து கூடுகிறது. காளானுக்கு அதுவே தீனி. நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'வெட்டை' என்ற பழைய சொல்லுக்குள் பால்வினை நோய்களும் அடங்கியிருந்ததால், வெள்ளை என்றாலே புருவத்தை உயர்த்துகிறவர்கள் இன்னமும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பெண்கள் வாய் திறப்பதில்லை. காளான் தொற்று யாருக்கும் வரும். புதுமணப் பெண்ணுக்கும் வரும், நாலு பிள்ளை பெற்றவளுக்கும் வரும்.

இதற்குப் பிறப்புறுப்பில் வைக்கும் 'குளோட்ரிமசோல்' மாத்திரையை, வழக்கமாக 7 நாள், டாக்டர்கள் தருவார்கள். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இதனால் பாதிப்பில்லை. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் போய் "வெள்ளைக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கி விழுங்குவது தவறு. காளானுக்கு விழுங்கக் கொடுக்கும் 'ஃப்ளூகொனசோல்' கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கப்பட வேண்டியது. கடைக்காரருக்கு நீங்கள் மூன்று மாதக் கர்ப்பம் என்று எப்படித் தெரியும்?

இன்னொன்று. மருந்து வைத்தும் அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். கர்ப்ப காலச் சர்க்கரை நோய் பல பெண்களுக்கு வேறு எந்த அறிகுறியும் காட்டாது. சென்னை டாக்டர் வி.சேஷையா முன்னின்று பரப்பிய எளிய பரிசோதனை இப்போது நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. சாப்பிட்டிருந்தாலும் சரி, வெறும் வயிறானாலும் சரி, 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை நோய் என்று அர்த்தம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்கிறார்கள்.

நாற்றமும் நிறமும்

சாம்பல் வெள்ளையில் தண்ணியாகப் படுகிறது. அரிப்பு அதிகமில்லை. ஆனால் மீன் கழுவிய தண்ணீர் வாடை! கணவனுடன் சேர்ந்த பிறகு இந்த வாடை இன்னும் தூக்கலாகத் தெரியும். மேலே சொன்ன நல்ல கிருமிகள் குறைந்து, வேறு கிருமிகள் பெருகிவிட்டன என்பதன் அடையாளம் இது. 'பாக்டீரியல் வஜினோசிஸ்' என்பார்கள். இதைக் கர்ப்பிணிகள் அலட்சியப்படுத்தக் கூடாது. குறைமாதப் பிரசவத்துக்கும் பனிக்குடம் முன்கூட்டியே உடைவதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

மஞ்சளாகவோ பச்சையாகவோ, நுரையாகப் படுகிறது, நாற்றமும் எரிச்சலும் சேர்ந்திருக்கிறது என்றால் 'ட்ரைக்கோமோனாஸ்' என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். இது உடலுறவால் பரவுவது. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பிரயோஜனமில்லை. கணவரும் மருந்து சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பத்தே நாளில் திரும்பி வரும். சீழ் மாதிரிப் படுவது, அடிவயிறு வலிப்பது, காய்ச்சல் இவையெல்லாம் வேறு தொற்றுகளையும் காட்டலாம். பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான மருந்துகள் உண்டு. இன்றைக்கே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஓரிரு நாளில் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். காய்ச்சலோ வயிற்று வலியோ இருந்தால் அன்றைக்கே!

தண்ணீராகக் கசிந்தால்...

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

குழந்தை ஒரு மெல்லிய சவ்வுப் பைக்குள், தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதுதான் பனிக்குடம். எட்டு, எட்டரை மாத வாக்கில் அதில் சுமார் 800 மில்லி நீர் இருக்கும். வலி வந்து, பிரசவ நேரத்தில் பனிக்குடம் உடைவதுதான் வழக்கம். ஆனால் நிறைமாதம் ஆன பெண்களில் 100-க்கு 8 பேருக்கு வலி வருமுன்பே உடைந்துவிடுகிறது. 37 வாரம் முடியுமுன்பே உடைவதும் உண்டு. சிக்கல் அதிகம் அங்கேதான்.

'பனிக்குடம் உடைந்தால் குபுகுபுவென்று கொட்டுமே, தெரியாமலா போகும்?' என்று நினைக்கிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். நிஜத்தில் பல பெண்களுக்கு அது கொட்டுவதில்லை, கசிகிறது. வயல் வரப்பில் நண்டு வளை போட்டால் என்ன ஆகும்? வரப்பு உடைந்த சத்தம் எதுவும் கேட்காது. மேலே பார்த்தால் வரப்பு சரியாகத்தான் இருக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் வயலில் தண்ணீர் இருக்காது! அப்படித்தான் இதுவும்.

ஒரத்தநாட்டுப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு பெண்ணை அவளுடைய அம்மா என்னிடம் கூட்டிவந்தார். ஏழு மாதம் முடிந்து எட்டாவது நடக்கிறது. "மூணு நாளா வெள்ளை தண்ணியாப் படுது டாக்டர். சூடுதான். குளிர்ச்சிக்கு ஏதாச்சும் லேகியம் குடுங்க" என்றார் அம்மா. பாவாடையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாற்றுகிறாய் என்று பெண்ணைக் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "நாலஞ்சு தடவைங்க. எந்திரிச்சு நின்னா காலோட வழியுது. ஒண்ணுக்குத்தான் அடக்க முடியாம வருதோன்னு நெனச்சேன்" என்றாள். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. லேகியமும் இல்லை. கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, நேராகத் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். பனிக்குட நீர்தான் என்று அங்கே உறுதி செய்து சேர்த்துக்கொண்டார்கள். குழந்தை எடை குறைவாகத்தான் பிறந்தது. சில வாரம் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, தாயும் சேயுமாக வீடு திரும்பினார்கள். இன்னும் மூன்று நாள் மோரும் வெந்தயமுமாகப் போயிருந்தால்? நினைக்கவே வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சிறுநீரா, வெள்ளையா, பனிக்குட நீரா? வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, நன்றாகத் துடைத்துக்கொண்டு, சுத்தமான வெள்ளை வேட்டித் துணியையோ நாப்கினையோ வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி, ஒரு மணி நேரம் வழக்கம்போல் நடமாடுங்கள். பிறகு எடுத்துப் பாருங்கள்.

சாதாரண வெள்ளை என்றால் துணியில் கொழகொழவென்று திட்டாக ஒட்டியிருக்கும். துணி ஊறாது. சிறுநீர் என்றால் மஞ்சள் நிறமும், நமக்குத் தெரிந்த சிறுநீர் வாடையும் காட்டிக்கொடுக்கும். இருமும்போது, தும்மும்போது மட்டும் சொட்டும், அடக்கினால் நிற்கும். பனிக்குட நீர் தெளிந்த தண்ணீராக, அல்லது லேசாக நிறம் மங்கி இருக்கும். சிறுநீர் வாடை இருக்காது. அடக்கினால் நிற்காது. படுத்திருந்துவிட்டு எழுந்தால் சட்டென்று கூடும். துணி ஈரமாக ஊறியிருக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? அப்படியானால் அதைப் பனிக்குட நீர் என்றே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். 'வெறும் யூரின்தான்' என்று சொல்லி டாக்டர் திருப்பி அனுப்பினால் சந்தோஷமாகத் திரும்பி வரலாமே! அந்தத் துணியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்த கருவி கொண்டு உள்ளே பார்ப்பார்கள். நீரை ஒரு காகிதத்தில் தொட்டு நிறம் மாறுகிறதா என்று சோதிப்பார்கள். ஒரு துளியைக் கண்ணாடியில் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பனிக்குட நீர் பெரணிச் செடியின் இலை மாதிரி கோலம் போட்டிருக்கும்! ஸ்கேனில் நீர் எவ்வளவு மீதம் என்று தெரியும்.

என்ன ஆபத்து?

பனிக்குடம் என்பது நீர்ப்பை மட்டுமல்ல, வேலியும்கூட. வேலியில் ஓட்டை விழுந்தால் கீழிருந்து கிருமிகள் ஏறும். தாய்க்குக் காய்ச்சல், குளிர், நாற்றமுள்ள கசிவு, குழந்தைக்கு இதயத் துடிப்பு எகிறுவது... இப்படிப் போய் இரண்டு உயிருக்கும் ஆபத்தில் முடியலாம். அபூர்வமாக, நீரோடு தொப்புள்கொடியும் கீழே நழுவிவிடும். அப்போது நிமிடங்கள்தான் கணக்கு. கொடி வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ள முயல வேண்டாம். முழங்காலும் முழங்கையும் தரையில் ஊன்றி, இடுப்பு உயரமாக இருக்கும்படி குனிந்துகொண்டு, உடனே 108-ஐ அழையுங்கள்.

நீர் பச்சையாகவோ கரும்பச்சையாகவோ வந்தால் குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று பொருள். இதுவும் தாமதிக்கக் கூடாத விஷயம்.

நேரத்தோடு போனால் என்ன செய்வார்கள் தெரியுமா? தொற்று வராமல் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். நிறைமாதமானால் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். மாதம் குறைவானால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்.

இந்த ஊசியின் கதை சுவாரசியமானது. நியூசிலாந்தில் டாக்டர் கிரஹாம் லிகின்ஸ், பிரசவ வலி எப்படி ஆரம்பிக்கிறது என்று சினை ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு பெற்று, மாதம் நிறையாமல் பிறந்த குட்டி ஒன்று பிழைக்காது என்று எதிர்பார்த்தால், மூச்சு விட்டுக்கொண்டிருந்தது! அந்த வியப்பிலிருந்து பிறந்ததுதான் இந்தச் சிகிச்சை. அவரும் டாக்டர் ராஸ் ஹோவியும் கர்ப்பிணிகளிடம் சோதித்து, 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். இன்று நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் 24 முதல் 34 வாரக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவம் ஆகிவிடும் என்ற நிலை வந்தால் 'டெக்ஸாமெத்தசோன்' ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 முறை போடுகிறார்கள். ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நாம் வீட்டில் 'சூடு' என்று சொல்லி வீணாக்குகிறோம்.

ரத்தம் பட்டால்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும், ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முதல் மூன்று மாதத்தில் ரத்தம் பட்டு, ஒருபக்க அடிவயிற்று வலியும் மயக்கமும் வந்தால் குழாயில் கரு தங்கியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து. கடைசி மாதங்களில் வலியே இல்லாமல் சிவப்பாகக் கொட்டினால் நஞ்சு கீழே இறங்கி வழியை அடைத்திருக்கலாம். வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வலியோடு வயிறு கல் மாதிரி இறுகி, ரத்தமும் பட்டால் நஞ்சு பிரிந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். இந்த நிலைகளில் ஊர் மருத்துவச்சியைக் கூப்பிட்டு உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொல்வது விபரீதம்.

உங்கள் ரத்தம் நெகடிவ் குரூப் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் பட்ட 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி-டி' ஊசி தேவைப்படலாம்.

நிறைமாதத்தில் ரத்தம் கீற்றாகக் கலந்த சளி மாதிரி வருவது மட்டும் வேறு. கருப்பை வாயை அடைத்திருந்த சளிக்கட்டி கழன்று வருவது அது. பிரசவம் நெருங்குகிறது என்று அர்த்தம். அதுவே 37 வாரத்துக்கு முன் வந்தால், இடுப்பு வலியும் விட்டுவிட்டு வந்தால், குறைமாதப் பிரசவம் ஆகலாம். கிளம்ப வேண்டியதுதான்.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

"நீங்க சித்த வைத்தியர்தானே, எதுக்கெடுத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றீங்களே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சித்த மருத்துவக் கல்லூரிகளில் 'சூல், மகளிர் மருத்துவம்' தனிப் பாடம். எந்த மருந்தை எப்போது கொடுப்பது என்று படிப்பதைவிட, கர்ப்பிணிக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று படிப்பதுதான் அதில் முக்கியம். நம் தஞ்சாவூருக்கு இதில் பெருமையும் உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். நம் நாட்டு வைத்தியர்களோடு மேல்நாட்டு வைத்திய முறையையும் அவர் சேர்த்தே வைத்திருந்தார். அங்கே தொகுத்த முறைகளைத்தான் சரசுவதி மகால் நூலகம் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று நூல் வரிசையாக வெளியிட்டது. கர்ப்பிணிகளுக்கும் பாலர்களுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. ராஜாவே இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கும்போது நாம் ஏன் சண்டை போட வேண்டும்?

நான் சொல்ல வேண்டிய முக்கியமான எச்சரிக்கை இதுதான்: வெள்ளைப்படுதலுக்கு என்று புத்தகங்களிலும் பாட்டிமார் வாயிலும் வரும் மருந்துகள் பெரும்பாலும் கர்ப்பம் இல்லாத பெண்களுக்கானவை. சோற்றுக்கற்றாழைச் சோறு, மலைவேம்புச் சாறு, கழற்சிக்காய், கருஞ்சீரகம், எள் கஷாயம் இவற்றைக் கர்ப்பிணிகள் மருந்தாகச் சாப்பிடக் கூடாது. பேதி மருந்து கூடவே கூடாது. பற்பம், செந்தூரம் வகைகளைத் தானாக வாங்கிச் சாப்பிடவே வேண்டாம். மூலிகை என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது. பிள்ளை தங்கவும் மூலிகை உண்டு, கலையவும் மூலிகை உண்டு!

அப்படியானால் சித்த மருத்துவத்துக்கு இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது. மசக்கை வாந்திக்கு மாதுளை மணப்பாகு, ருசியின்மைக்கும் சத்துக்கும் கறிவேப்பிலைப் பொடி, நெல்லிக்காய் லேகியம் போன்றவற்றைத் தமிழக அரசே 'மகப்பேறு சஞ்சீவி' என்ற பெயரில் கர்ப்பிணிகளுக்குப் பெட்டகமாகக் கொடுத்தது. சர்க்கரை இருப்பவர்களுக்கு மணப்பாகும் லேகியமும் ஆகாது என்பதால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுவதே முறை. உங்கள் ஆங்கில மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். மோரும் நீராகாரமும் இளநீரும் தாராளமாகக் குடிக்கலாம். அவை உணவு. உணவை உணவாகக் குடியுங்கள், தொற்றுக்கு மருந்தாக நினைத்துக் காத்திருக்காதீர்கள்.

சுத்தம் என்ற பெயரில்...

சுத்தமாக இருக்கிறேன் என்று உள்ளே சோப்புப் போட்டுக் கழுவுவது, படிகாரத் தண்ணீர் பீய்ச்சுவது, டெட்டால் ஊற்றுவது, வேப்பிலைக் கஷாயத்தால் உட்புறம் கழுவுவது எல்லாமே கேடு. நல்ல கிருமியும் சேர்ந்து செத்துப்போகும். வெளிப்புறத்தை மட்டும் சாதாரணத் தண்ணீரால், முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவினால் போதும். பின்னிருந்து முன்னாகக் கழுவினால் மலக்கிருமிகள் வந்து சேரும்.

பருத்தி உள்ளாடையே நல்லது. நம் பக்கத்தில் இன்னொரு பிரச்னை உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி எங்கே காய்கிறது? வெயில் அடிக்கும் நாளில்கூட, நாலு பேர் பார்ப்பார்களே என்று உள்ளாடையைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறார்கள். வெயிலே படாத ஈரத்துணியில் காளான் வளராமல் என்ன செய்யும்? வெயிலில் விரித்துப் போடுங்கள், வெட்கம் வேண்டாம். மழை நாளில் நன்றாக இஸ்திரி போட்டு உடுத்துங்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வருகிற பெண்கள் வீட்டுக்கு வந்ததும் நனைந்த உடையை மாற்றிவிட வேண்டும்.

எப்போது, எங்கே?

கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிவைக்கலாம்:

உடனே, ராத்திரி பகல் பாராமல் கிளம்ப வேண்டியவை:
- தண்ணீராகக் கசிவது, கொட்டுவது (வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்)
- ரத்தம் படுவது
- பச்சை, கரும்பச்சை நீர்
- கசிவோடு காய்ச்சல், குளிர், வயிற்று வலி
- 37 வாரத்துக்கு முன் சளிக்கட்டி வருவது, விட்டுவிட்டு இடுப்பு வலிப்பது
- குழந்தையின் அசைவு குறைவது

ஓரிரு நாளில் காட்ட வேண்டியவை:
- அரிப்போடு தயிர்த் திப்பி போன்ற கசிவு
- மீன் வாடை
- மஞ்சள், பச்சை நிறம், நுரை
- சிறுநீர்க் கடுப்பு, பிறப்புறுப்பில் புண்

அடுத்த செக்கப்பில் சொன்னால் போதுமானது:
- நாற்றம், அரிப்பு இல்லாத வெள்ளைக் கசிவு

அவசரம் என்றால் 108. நீர் கசிந்தால் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம். இடதுபக்கமாகப் படுக்கவைத்து அழைத்துச் செல்லுங்கள். சீமந்தம் முடிந்து பெண் தாய்வீடு வந்ததுமே, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம், குறைமாதக் குழந்தையைப் பார்க்க அங்கே வசதி உண்டா என்று விசாரித்து வைத்துவிடுங்கள். தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் மருத்துவமனை. திருவாரூரில் 2010 முதலும், நாகப்பட்டினத்தில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. முன்போல எல்லாரும் தஞ்சாவூருக்கே ஓடிவர வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு டாக்டரின் இலவசப் பரிசோதனை நடக்கிறது. அப்போது இந்த விஷயத்தையும் கேளுங்கள்.

கடைசியாக, தாய்மார்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. "சாப்பிட்டியா, தூங்கினியா, பிள்ளை அசையுதா?" என்று தினமும் கேட்கிறீர்கள். அதோடு, "கீழே ஏதாச்சும் வித்தியாசமாப் படுதாம்மா? தண்ணியாப் படுதா?" என்றும் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் அவள் சொல்லுவாள். கணவன்மார்களும் கேட்கலாம், தப்பில்லை. அவள் சொன்ன பிறகு, 'சூடு' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அந்த முடிவைப் பரிசோதித்துப் பார்க்கிறவர் எடுக்கட்டும்.